கடைசி ஆள் வரும்வரை

கெல்லிவில், சிட்னி
10 ஆகஸ்ட் 2025

நாகலட்சுமிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு குத்தல் பதில் வரும். என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. உன் தங்கை யோகாவைக் கூப்பிட்டால், "அக்கா தூங்கறா மாமா" என்று காலை பதினோரு மணிக்குச் சொல்கிறாள். புருஷனோடு இப்படித்தான் பேசுவேன் என்றால் சரி, தபாலிலேயே பேசுவோம். கையால் தமிழ் எழுதி இருபது வருடம் ஆகிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை மதியம், நம் மிதிவண்டிக் குழுவின் வருடாந்திரக் கூட்டம் இங்கே ஹோம்புஷில் நடக்கிறது. நம்மோடு பிரான்ஸ் வந்த வெங்கட்ராமன் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார். பிரான்ஸ் பயணத்தில் தலைவர் ஒரு உறுப்பினரை நடுவழியில் விட்டுவிட்டுப் போனாராம், அதனால் அடுத்த வருடப் பயணத்தை அவர் நடத்தக் கூடாதாம். அந்தத் தலைவர் நான், நடுவழியில் விடப்பட்ட அந்த உறுப்பினர் நீ. ஏதோ உன்னைக் காட்டில் கட்டிப்போட்டுவிட்டு வந்த மாதிரி ஊரெல்லாம் பேசுகிறார்கள்.

எட்டு வருடமாக இந்தக் குழுவை வளர்த்தவன் நான். நெப்பியன் ஆற்றங்கரையில் ஐந்து பேரோடு ஆரம்பித்தேன், அதில் நீயும் ஒருத்தி. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் அந்தப் பாதையைத் தேடிப் பிடிக்க ஒன்றரை வருடம் ஆனது. பழைய ரயில் தடத்தைத் தார் போட்டு மிதிவண்டிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு கார் கிடையாது, லாரி கிடையாது. இரண்டு பக்கமும் மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, திராட்சைத் தோட்டம், வெள்ளை மாடு. கார் ஓடாத பாதையில் ஒருத்தருக்கு என்ன ஆபத்து வந்துவிடும்? இதை யாரும் யோசிப்பதில்லை.

கீழே நான்கு வரி எழுதியிருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டால் போதும்:

"16 ஜூன் அன்று நான் திருப்பத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு வேறு இடத்தில் காத்திருந்தேன். தலைவர் தகவல் அறிந்தவுடன் வந்து என்னை அழைத்துச் சென்றார். எனக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. இது குறித்து எனக்கு யார் மீதும் புகார் இல்லை."

உறையும் வைத்திருக்கிறேன், தபால்தலை ஒட்டி. நீ கோபித்துக்கொண்டு போனதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் இதை முடித்துக் கொடு.

பழனிசாமி

---

டார்னீட், மெல்போர்ன்
16 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கு,

உங்கள் நான்கு வரியைப் படித்தேன். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் கோடு வேறு போட்டிருக்கிறீர்கள். நல்ல வேளை, கைநாட்டு கேட்கவில்லை.

நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன் என்று நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. பிரான்சில் நடந்ததற்காக வரவில்லை. திரும்பி வந்து பத்து நாள் உங்களுக்கு ஆக்கிப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். குழுவின் இணையப் பக்கத்தில் நீங்கள் எழுதிய பயணக் கட்டுரையை ஜூலை ஐந்தாம் தேதி படித்தேன். "நாகலட்சுமி வழி தவறியதால் அன்று மதிய உணவு தாமதமானது" என்று எழுதியிருந்தீர்கள். அன்று மதியமே பெட்டி கட்டினேன். வழி தவறியவள் நானா?

அன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கூட்டத்தில் யாராவது வாசிக்க நேர்ந்தாலும் நேரும், எல்லாருக்கும் புரியட்டும்.

நம் குழுவில் ஒரு வழக்கம். முன்னால் தலைவர் போவார். திருப்பம் வந்தால் அவருக்கு அடுத்து வருகிறவரை அங்கே நிறுத்துவார். அவருக்கு 'மூலை' என்று பெயர். மூலையில் நிற்கிறவர் பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் கை காட்ட வேண்டும். மஞ்சள் சட்டை போட்ட கடைசி ஆள் வரும்வரை அசையக் கூடாது. கடைசி ஆள் வந்தால்தான் மூலைக்கு விடுதலை. இந்த வழக்கத்தை உண்டாக்கியது நீங்கள். அந்தப் பயணத்தில் கடைசி ஆள் பிரதீப்குமார்.

அன்று காலை ஐந்தரைக்கு எழுந்து, வாடகை வீட்டுச் சமையலறையில் பதிமூன்று பேருக்குப் புளிச்சோறு கிளறினேன். திங்கட்கிழமை அந்த ஊர்களில் கடை திறக்காது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சோற்றை என் சைக்கிளின் இரண்டு பக்கப் பைகளிலும் அடைத்தேன். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, முழங்கால் வலி தாங்காமல் பிரதீப்குமார் டாக்சி பிடித்து ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார். அவரை ஏற்றிவிட்டது நீங்கள். தன்னால் மற்றவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம், சாயங்காலம் சொன்னால் போதும் என்றாராம். எனக்குத் தெரியாது. கடைசி ஆள் எப்போதும் எல்லாரும் கிளம்பிய பிறகு வீட்டைப் பூட்டிவிட்டுத்தானே வருவார், அவர் கண்ணில் படாததில் என்ன அதிசயம்?

பதினொன்றரை மணிக்கு ரயில் தடத்தை விட்டு வலப்புறம் ஏறும் சின்னச் சாலை வந்தது. பூட்டிக் கிடந்த பழைய ரயில்வே கேட்காரர் வீடு, மரவேலி, அதற்குள் மாடுகள். கையைத் தூக்கினீர்கள். "நாகு, நீ மூலை" என்றீர்கள். நின்றேன். பத்துப் பேர் போனார்கள், ஒவ்வொருவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். பதினோராவதாக மஞ்சள் சட்டை வர வேண்டும்.

அந்த நேரத்தில் பிரதீப்குமார் பாரிஸ் போகிற ரயிலில் உட்கார்ந்திருந்தார். வராத ஆளுக்காக என்னை நிறுத்திவிட்டு நீங்கள் போனீர்கள். நீங்கள் திரும்பி வந்தது இரண்டே முக்காலுக்கு. என் போன் என்னிடம் இல்லை. உங்கள் போன் முந்தின நாள் விழுந்து உடைந்ததால், வழி பார்க்க என் போனை உங்கள் கைப்பிடியில் மாட்டியிருந்தீர்கள்.

வந்ததும் நீங்கள் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் எழுதுகிறேன். "ஏன் புள்ள இங்கியே நிக்கறே?" என்பது முதலாவது. "அல்லாரும் பசியோட உக்காந்திருக்கறாங்க" என்பது இரண்டாவது. பெண்டாட்டியைத் தேடி வரவில்லை, சோற்று மூட்டையைத் தேடி வந்தீர்கள்.

கார் ஓடாத பாதையில் என்ன ஆபத்து என்று கேட்கிறீர்கள். கார் ஓடாத பாதை என்றால் நிறுத்திக் கேட்க ஆள் இல்லாத பாதை. அதை நீங்கள் நின்று பார்த்ததில்லை.

உறையைத் திருப்பி அனுப்புகிறேன். தபால்தலையை வேறு எதற்காவது பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நாகலட்சுமி

---

கெல்லிவில்
22 ஆகஸ்ட் 2025

நாகலட்சுமிக்கு,

வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கிறாய். யோகா பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தாளா?

சரி, சொன்ன இடத்தில்தான் நின்றாய். ஒப்புக்கொள்கிறேன், உன்னிடம் மட்டும். ஆனால் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. மூன்றே கால் மணி நேரம் ஏன் நின்றாய்? அரை மணி நேரம் பார்த்தும் ஆள் வரவில்லை என்றால், புத்தியுள்ள எவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தச் சாலையில் ஏறியிருப்பார்கள். ஆறு கிலோமீட்டர். ஒரே சாலை. மேட்டின் மேல் கோயில் கோபுரம் மாதிரி சர்ச் தெரிகிறது. குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். நீ ஐம்பது வயதுப் பெண், இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டில் வேலை பார்க்கிறாய், மரம் மாதிரி நின்றேன் என்று பெருமையாக எழுதுகிறாய்.

நான் சொல்லட்டுமா? அது வீம்பு. என்னைக் குற்றவாளியாக நிறுத்த ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். உன் பையில் பதிமூன்று பேர் சாப்பாடு இருந்தது. தண்ணீர் இருந்தது. மரத்தடி இருந்தது. சுற்றிலும் காசு கொடுத்தாலும் கிடைக்காத காட்சி. இதற்குப் பெயர் கொடுமையா?

அக்ஷராவும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கான்பெராவிலிருந்து வாரம் ஒருமுறை கூப்பிடுகிறாள், "டாட், ஜஸ்ட் சே சாரி" என்கிறாள், வைத்துவிடுகிறாள். பெண்ணிடம் என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

வெங்கட்ராமன் இப்போதே அடுத்த வருட லுவார் ஆற்றங்கரைப் பயணத்துக்குப் பெயர் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். ஆளுக்கொரு ஜிபிஎஸ் கொடுத்தால் போதும், மூலையில் ஆள் நிறுத்துவதெல்லாம் பழைய பஞ்சாங்கம் என்கிறார். நான் கட்டியதை அவர் கைக்குக் கொடுக்க உனக்குச் சம்மதமா? நேராகப் பதில் சொல்.

பழனிசாமி

---

டார்னீட்
28 ஆகஸ்ட் 2025

நேராகவே சொல்கிறேன்.

மூன்று வருடம் முன்னால் விண்ட்சர் பக்கம் போனோமே, நினைவிருக்கிறதா? அன்றும் நான் மூலை. மழை பிடித்துக்கொண்டது. இருபது நிமிடம் பார்த்துவிட்டு, எல்லாரும் போயிருப்பார்கள் என்று நினைத்துக் கிளம்பி வந்துவிட்டேன். கடைசியில் வந்த விமலாவும் சவரிமுத்துவும் வழி தெரியாமல் நாலு கிலோமீட்டர் நேராகப் போய்விட்டார்கள். பெட்ரோல் பங்க் வாசலில் பதினைந்து பேர் முன்னால் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நிக்கச் சொன்னா நிக்கத் தெரியாதா? ஆடு மாடுகூடக் கட்டின எடத்துல நிக்குது" என்றீர்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. விமலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று முடிவு செய்தேன், இனி எந்த மூலையில் நிறுத்தினாலும் கால் அசையாது என்று. உங்களுக்கு அது வீம்பாகத் தெரிகிறது. வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள், அது நீங்கள் கொடுத்ததுதான்.

காட்சியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முதல் நான்கு நாள் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? மேடு ஏறி இறங்கும்போது மிதிக்காமலே சைக்கிள் ஓடும், காது நிறையக் காற்று. பின்னால் ஹாரன் இல்லை, ஒதுங்கச் சொல்ல ஆள் இல்லை. பிளாக்டவுன் சாலையில் பயந்து பயந்து ஓட்டியவளுக்கு அது பெரிய விஷயம். ஐம்பது வயதில் பாவாடை சட்டை போட்ட பெண்ணாக உணர்ந்தேன். ஐந்தாம் நாள் அதையும் பிடுங்கிக்கொண்டீர்கள்.

முதல் ஒரு மணி நேரம் பிரதீப்குமாருக்கு டயர் பஞ்சர் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் மணி நேரம் அவர் விழுந்துவிட்டார், யாரும் இல்லாமல் கிடக்கிறார் என்று பயந்தேன். பின்னால் போய்ப் பார்க்கலாம் என்றால், அவர் வேறு பக்கமாக வந்து மூலையில் ஆளில்லாமல் வழி தவறிவிட்டால்? அதற்கும் நான்தானே பேச்சு வாங்க வேண்டும். வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று சைக்கிளில் வந்தது. நின்று என்னவோ கேட்டார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. அந்த அம்மா என் தோளைத் தொட்டு, தங்களோடு வா என்று கை காட்டினாள். வேண்டாம் வேண்டாம், என் வீட்டுக்காரர் வருவார் என்று தமிழிலேயே சொன்னேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மூன்றாம் மணி நேரம் உங்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சோறு இருந்ததே என்கிறீர்கள். அத்தனை பேரும் சாப்பிடாமல் இருக்கும்போது நான் எப்படி அதில் கை வைப்பேன்? இவ்வளவு வருடத்தில் உங்களுக்கு முன்னால் நான் ஒருநாளாவது சாப்பிட்டிருக்கிறேனா?

பயணத்தில் நம்மோடு வந்த மகேந்திரராஜா அண்ணன் போன வாரம் கூப்பிட்டார். கூட்டத்தில் நியாயம் பேச வேண்டும், அதற்கு முன் என்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றார். அவர் சொன்னதை அவருடைய இலங்கைத் தமிழிலேயே எழுதுகிறேன். "தங்கச்சி, அண்டைக்கு நான் கேட்டனான், நாகலட்சுமியைக் காணேல்லை எண்டு. பிரதீப்போட வாறா எண்டு சொன்னவர். நான் திரும்பிப் போய்ப் பாக்கட்டே எண்டும் கேட்டனான், வேண்டாம் எண்டிட்டார்."

இதைக் கேட்டபோதுதான் நான் நினைத்தது சரி என்று உறுதியானது. பிரதீப்குமாரோடு வருகிறாள் என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவர் காலையிலேயே போய்விட்டது அந்த நேரத்தில் உங்களுக்கு நினைவில் இல்லை. சுத்தமாக மறந்துவிட்டீர்கள். மனுஷருக்கு மறதி வரும். நான் இங்கே வந்து வேலைக்குச் சேர்ந்திருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் அரை மணிக்கு ஒருமுறை தலை எண்ணுகிறோம், யாராவது ஒருத்தர் மறந்துவிடுவோம் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடே.

அதனால் இதுதான் என் பதில். குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி போடுங்கள். "கடைசி ஆள் இல்லை என்பதை மறந்து என் மனைவியை மூலையில் நிறுத்திவிட்டேன், அவள் வழி தவறவில்லை." அவ்வளவுதான். மன்னிப்பு கேட்க வேண்டாம். அந்த வரி வந்தால் பதினாலாம் தேதி ஹோம்புஷ் வருவேன். உங்கள் பக்கத்தில் உட்காருவேன். வெங்கட்ராமன் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அன்றே உங்களோடு வீட்டுக்கு வருகிறேன்.

நாகலட்சுமி

---

கெல்லிவில்
2 செப்டம்பர் 2025

நாகலட்சுமிக்கு,

மகேந்திரராஜாவுக்கு என் வீட்டு விஷயத்தில் என்ன வேலை? என் முதுகுக்குப் பின்னால் உனக்குப் போன் போடுகிற அளவுக்கு வந்துவிட்டாரா? அவர் கேட்டார், நான் சொன்னேன், அத்தோடு முடிந்தது. இதெல்லாம் ஒரு சாட்சியா?

அந்த வரியைப் போட முடியாது. காரணம் கேட்காதே. நீ நினைப்பதுபோல் கௌரவம் மட்டும் அல்ல. போட முடியாது, அவ்வளவுதான். நிபந்தனை போட்டு வீட்டுக்கு வருகிறவள் வராமலே இருக்கலாம்.

பழனிசாமி

---

கெல்லிவில்
5 செப்டம்பர் 2025

நாகு,

முந்தின கடிதம் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். அதற்குப் பதில் எழுதுவதற்குள் இதையும் படித்துவிடு. எக்ஸ்பிரஸில் போடுகிறேன்.

உன் வரியை நான்கு முறை தட்டச்சு செய்தேன். அலுவலகத்தில் உட்கார்ந்து, ரயிலில் உட்கார்ந்து. ஒவ்வொரு முறையும் 'மறந்து' என்ற வார்த்தையிடம் வந்து நின்றுவிடுகிறேன். உன் மேல் ஆத்திரமாக வருகிறது. நீ என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நீயாக எனக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்து, மனுஷருக்கு மறதி வரும் என்று எழுதியிருக்கிறாய். அதுதான் தாங்கவில்லை.

நான் மறக்கவில்லை.

மூலையில் உன்னை நிறுத்தியபோது மறந்திருந்தேன், அது சத்தியம். எட்டு வருடப் பழக்கம், கை தானாக உயர்ந்துவிட்டது. ஆனால் பன்னிரண்டேகாலுக்கு அந்த ஊர்ச் சதுக்கத்தில் எல்லாரும் வந்து இறங்கியதும் தலை எண்ணினேன். பத்துப் பேர். இன்னொரு முறை எண்ணினேன். அப்போதே தெரிந்துவிட்டது. பிரதீப் இல்லை, அவள் யாருக்காக நிற்கிறாள் என்று நினைத்தேன்.

உடனே கிளம்பியிருக்க வேண்டும். சைக்கிளைத் திருப்பக்கூடச் செய்தேன். வெங்கட்ராமன் நிழலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலைதான் அவரோடு வாக்குவாதம். இந்த முறை தப்பவே தப்பாது, எட்டு வருடத்தில் ஒரு ஆளைக்கூட விட்டதில்லை என்று எல்லார் முன்னாலும் பேசியிருந்தேன். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, விட்டது என் பெண்டாட்டியை. இப்போது போனால் ஏன் போகிறேன் என்று சொல்ல வேண்டும். இருபது நிமிடம் பார்ப்போம், அவளே வந்துவிடுவாள், வந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அப்போதுதான் மகேந்திரராஜா கேட்டார். பிரதீப்போடு வருகிறாள் என்றேன். பிரதீப் ரயிலில் இருக்கிறான் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

ஒரு மணி ஆனது. அதற்குமேல் போவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இத்தனை நேரம் ஏன் போகவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. ஒன்றரைக்கு உன் போனில் அக்ஷரா கூப்பிட்டாள். அம்மா எங்கே என்றாள். "பின்னாடி வர்றா சாமி" என்றேன். உன் போன், உன் பெண், அவளிடமும் பொய். வைத்த பிறகு குழாயடியில் போய் முகம் கழுவினேன்.

இரண்டேகாலுக்கு வெங்கட்ராமனே எழுந்து வந்து, "சாப்பாடு என்ன ஆச்சு பழனிசாமி, நான் வேணா போய்ப் பாக்கறேன்" என்றார். அவர் போய் உன்னை அந்த மூலையில் கண்டுபிடித்தால் என் கதை முடிந்தது. அதனால்தான் கிளம்பினேன். சோற்று மூட்டையைத் தேடி வந்தீர்கள் என்று எழுதியிருக்கிறாய். அதுகூடப் பரவாயில்லை என்று சொல்லலாம். நான் சோற்றுக்காகவும் வரவில்லை. அவர் வந்துவிடக் கூடாது என்று வந்தேன்.

நீ வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கண் வீங்கியிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். நீ "வந்துட்டீங்களா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே" என்றாய். அதை நீ உன் கடிதத்தில் எழுதவில்லை. மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டுவிட்டாயா என்று தெரியவில்லை. எனக்கு மறக்கவில்லை.

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. கூட்டத்தில் என்ன சொல்வதென்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. உன் வரியை வேண்டுமானால் இப்போது போடுகிறேன். நீ சரியென்று ஒரு வார்த்தை சொல். நாம் இருவர் மட்டும் அறிந்ததாக இது இருக்கட்டும்.

பழனிசாமி

---

டார்னீட்
10 செப்டம்பர் 2025

என்னங்க,

கடிதம் வந்தது. திங்கட்கிழமையே வந்துவிட்டது. இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டே சுற்றினேன். நேற்றுக் காப்பகத்தில் தலை எண்ணும்போது எண்ணிக்கை தப்பிவிட்டது, திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற பெண் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

நான் இங்கே வந்த அன்றே யோகா சொன்னாள். "அக்கா, மாமா மறக்கல. ரெண்டே முக்கா வரைக்கும் ஒரு மனுசனுக்குப் பொண்டாட்டி ஞாபகம் வராதா? அவருக்குத் தெரியும்" என்றாள். அவளோடு அப்படிச் சண்டை போட்டேன். என் வீட்டுக்காரரைப் பற்றி உனக்கு என்ன தெரியும், கோபக்காரர், வாய் நீளம், ஆனால் தெரிந்தே அப்படிச் செய்கிறவர் இல்லை என்றேன். இரண்டு நாள் அவள் வீட்டில் சாப்பிடவில்லை. விமலா கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். அக்ஷராவிடமும் அதைத்தான் சொல்லி வைத்தேன், அப்பாவுக்கு மறதி, வயசாகிறது என்று. நீங்கள் இணையத்தில் என் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் நான் இங்கே உட்கார்ந்து உங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். இப்போது யோகாவின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம். என்னை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறீர்கள். எங்கே நிற்கிறேன், யாருக்காக நிற்கிறேன் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். குழாயடியில் முகம் கழுவிவிட்டுத் திரும்பவும் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அழுதது அதே நேரம். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் மேல் கோபம் வராத நாள் இதுவரை ஒன்றுகூட இருந்ததில்லை.

நீங்கள் உண்மையை எழுதினீர்கள். யாரும் கேட்கவில்லை, நீங்களாக எழுதினீர்கள். அது எனக்குத் தெரிகிறது. அதற்காக நன்றி சொல்ல மனம் வரவில்லை. வந்தால் என்றாவது சொல்கிறேன்.

கடிதத்தைக் கிழிக்க மாட்டேன். என் வரியையும் நீங்கள் போட வேண்டாம். அது இப்போது பொய். நாம் இருவர் மட்டும் அறிந்ததாக இருக்கட்டும் என்று கேட்கிறீர்கள். வழி தவறியவள் என்று எல்லாருக்கும் தெரியும்படி எழுதினீர்களே, இது மட்டும் ஏன் இரண்டு பேருக்குள்?

பதினாலாம் தேதி ஹோம்புஷ் வருகிறேன். அக்ஷராவையும் கான்பெராவிலிருந்து வரச் சொல்லியிருக்கிறேன், அவளுக்கும் கேட்க உரிமை இருக்கிறது. நீங்கள் ஐந்தாம் தேதி எழுதிய கடிதத்தை அத்தனை பேர் முன்னால் முழுதாக வாசியுங்கள். உங்களால் முடியாவிட்டால் என் கைப்பையில் இருக்கும், நான் வாசிக்கிறேன். வெங்கட்ராமனுக்கு ஓட்டுப் போடுகிறார்களா, உங்களுக்குப் போடுகிறார்களா என்பது இனி எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

இன்னொன்று. போன மாதம் அந்த ஒரு வரி கேட்டு எழுதினேனே, அன்று இரவே சிட்னிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். நீங்கள் எப்படியும் போட்டுவிடுவீர்கள் என்று அவ்வளவு நம்பிக்கை. போவதற்கு மட்டும்தான் எடுத்தேன். இன்று காலை யோகாவின் மடிக்கணினியைக் கேட்டு வாங்கி, ஞாயிறு மாலை ஏழரை மணி விமானத்தில் மெல்போர்ன் திரும்புவதற்கும் எடுத்துவிட்டேன்.

நாகலட்சுமி